சான்றிதழுக்குப் பிறகு விழும் கத்தரி

2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ படத்தை முதல் இரண்டு மூன்று நாளில் பார்த்தவர்கள் பார்த்தது ஒரு படம். அதற்கப்புறம் போனவர்கள் பார்த்தது வேறு. இலவச மிக்சியையும் கிரைண்டரையும் தீயில் தூக்கிப் போடும் காட்சி காணாமல் போயிருந்தது. ஜெயலலிதாவைக் குறிப்பதாக ஆளுங்கட்சி சொன்ன கோமளவல்லி என்ற பாத்திரத்தின் பெயர் வரும் இடங்களில் ஒலியை அடைத்திருந்தார்கள். நடுவில் நடந்தது ஊருக்கே தெரியும். அப்போதைய ஆளுங்கட்சியான அதிமுகவினர் தியேட்டர் வாசல்களில் பேனரைக் கிழித்தார்கள், அமைச்சர்கள் கண்டித்துப் பேசினார்கள், இயக்குநர் முன்ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கடைசியில் படத் தரப்பு இறங்கி வந்தது.

அது சென்சாருக்குத் தெரியாமல் வந்த படமில்லை. முறைப்படி பார்த்து, சான்றிதழ் கொடுத்து, அந்தச் சான்றிதழைத் திரையில் காட்டிவிட்டுத்தான் படத்தைப் போட்டார்கள். அப்படியென்றால் அந்தக் காகிதத்துக்கு என்னதான் மதிப்பு?

சென்சார் என்றதும் நம்மில் பலருக்குக் கோபம் வருவது வாரியத்தின் மேல். எனக்கும் அந்தக் கோபம் உண்டு, அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை வாரியத்தின் கத்தரியைவிடச் சான்றிதழ் வந்த பிறகு விழும் கத்தரிதான் ஆபத்தானது என்பது என் கட்சி.

முதலில் வாரியத்தையே எடுத்துக்கொள்வோம். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது அது. 1983 வரை அதன் பெயரிலேயே ‘சென்சார்’ இருந்தது. அப்புறம்தான் ‘சான்றிதழ் வாரியம்’ என்று மாற்றினார்கள். பழக்கம் மாறவில்லை, நாமும் சென்சார் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒரு முழுநீளப் படம் போனால் ஆலோசனைக் குழுவிலிருந்து நாலு பேரும் ஓர் அதிகாரியும் பார்ப்பார்கள். அவர்கள் முடிவு பிடிக்கவில்லை என்றால் ரிவைசிங் கமிட்டி. அதுவும் சரியில்லை என்றால் 2021 வரை டிரிப்யூனல் இருந்தது. அதை அந்த வருடம் ஏப்ரலில் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்த சின்னத் தயாரிப்பாளர் எத்தனை பேர் வக்கீல் வைத்து நீதிமன்றப் படி ஏறுவார்கள்? ரிலீஸ் தேதி நெருங்கும்போது வெட்டச் சொன்னதை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். 2025-ல் ‘மனுசி’ படத்துக்காக நீதிமன்றம் போனார்கள். நீதிபதியே படத்தைப் பார்த்து எது தேவை, எது தேவையில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் வெற்றிமாறன் மாதிரி ஒரு தயாரிப்பாளர் இருந்ததால் அந்தப் படம் அவ்வளவு தூரம் போனது.

வாரியத்தின் ரசனையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்று முடியாது. ஒரு கெட்ட வார்த்தைக்கு மியூட் போடுவார்கள். தியேட்டரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாயகன் வாய் அசையும், அரை விநாடி மௌனம், அதற்குள் பின்வரிசையிலிருந்து பத்துப் பேர் அந்த வார்த்தையைச் சேர்ந்து கத்துவார்கள். எழுதியவர் ஒருமுறை சொல்ல வைத்த வார்த்தையை ஊரே சொல்லும். குழந்தையோடு வந்தவர்கள் அதுவரை கவனிக்காமல் இருந்திருப்பார்கள், இப்போது அவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதே வாரியம் பல வருடங்களாக எதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கறுப்பாக இருப்பவரைக் கிண்டலடித்த நகைச்சுவைக் காட்சிகள், திருநங்கைகளைக் கேவலப்படுத்திய காட்சிகள், பெண்ணைப் பின்னாலேயே துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பதைக் காதல் என்று காட்டியவை. இவை எல்லாம் யு சான்றிதழோடு வந்து, பண்டிகை நாளில் வீட்டு டிவியிலும் ஓடின. இவற்றுக்கு எதிராகத் தியேட்டர் வாசலில் யாரும் பேனர் கிழிக்கவில்லை. கிழிக்க, இவற்றால் புண்பட்டவர்களிடம் ஆள் பலம் இல்லை. யாருடைய மனம் புண்படுகிறது என்பதை நம் ஊரில் மனத்தை வைத்து முடிவு செய்வதில்லை, கூட்டத்தை வைத்துத்தான்.

யு சான்றிதழுக்கு இங்கே ஒரு தனிக் கதை இருக்கிறது. 2006-ல் தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி இல்லை என்று அறிவித்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும், பெயர் மட்டும் போதாது, யு சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. அப்போது வரி 30 சதவீதம். யு கிடைத்தால் அந்தப் பணம் பையில், யு/ஏ வந்தால் அது வரிக்கு. போதாக்குறைக்கு ஏ வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, சாட்டிலைட் உரிமை விற்பது கஷ்டம். உதவி இயக்குநராக இருந்த நண்பர் ஒருவர் சொல்வார்: “கதை விவாதத்துலயே இது யுவா, யு/ஏவான்னு கேட்டுருவாங்கப்பா. எடிட்டிங்ல ரத்தத்தைத் துடைக்கிறது ஒரு தனி வேலை.” அவர் சொன்ன இன்னொரு தந்திரம், வெட்டுவதற்கென்றே நாலைந்து ஷாட்டைக் கூடுதலாக எடுத்து வைப்பது. சந்தையில் பாதி விலைக்குக் கேட்பார்கள் என்று தெரிந்து இரட்டை விலை சொல்கிற மாதிரி. வாரியம் அந்த ஷாட்டுகளைத் தூக்கும், இயக்குநர் வேண்டாவெறுப்பாகச் சம்மதிப்பதாக நடிப்பார், தனக்கு வேண்டிய காட்சி தப்பிக்கும். 2017-ல் ஜிஎஸ்டி வந்து அந்த வரிவிலக்குக் கணக்கை முடித்துவைத்தது. ஆனால் முந்திக்கொண்டு தானே வெட்டிக்கொள்ளும் பழக்கம் அதோடு போகவில்லை.

இத்தனை சொன்ன பிறகும் வாரியத்தின் கத்தரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு என்பேன். அது எழுதி வைக்கிறது. சான்றிதழின் இரண்டாம் பகுதியில் எந்த இடத்தில் என்ன வெட்டப்பட்டது, எந்தச் சொல் அடைக்கப்பட்டது, எத்தனை விநாடி என்று பட்டியல் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாட முடியும். பின்னாளில் ஆராய்ச்சி செய்பவர் எடுத்துப் பார்க்க முடியும். எந்த விதியின் கீழ் வெட்டினாய் என்று கேட்கவும் முடியும்.

தெருவில் விழும் கத்தரியிடம் இதில் எதையும் கேட்க முடியாது.

சான்றிதழ் பெற்ற படத்தை நிறுத்த மாநில அரசுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், 1955. அதில் 7-வது பிரிவு. ஒரு படத்தால் அமைதி குலையும் என்று தோன்றினால் அரசோ கலெக்டரோ அதை நிறுத்தி வைக்கலாம். ஓடுகிற படத்தை நிறுத்துவது இங்கே வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம்தான். 1939-ல் வெளியான ‘தியாகபூமி’ நன்றாக ஓடிய பிறகுதான் தடைக்கு ஆளானது. அவர்கள் பயந்தது காங்கிரசுக்கு. சுதந்திரம் வந்த பிறகு பயப்படும் ஆள் மாறினார், பயம் அப்படியே இருந்தது. 2006-ல் ‘தி டா வின்சி கோட்’ படத்தை இதே 7-வது பிரிவில் நிறுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2011-ல் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது ‘டேம் 999’ தடையானது.

அப்புறம் 2013 ஜனவரி. ‘விஸ்வரூபம்’ 25-ஆம் தேதி வரவேண்டியது. முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. மாவட்டம் மாவட்டமாக 144 போட்டு இரண்டு வாரத்துக்கு நிறுத்தினார்கள். தனி நீதிபதி படத்தைப் பார்த்துவிட்டு 29-ஆம் தேதி இரவு தடையை நீக்கினார். மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நாட்டை விட்டே போக வேண்டியிருக்கும் என்று கமல் பேசினார். முதலமைச்சர் ஜெயலலிதா பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, 524 தியேட்டர்களுக்கும் பாதுகாப்பு கொடுக்கும் அளவுக்குப் போலீஸ் இல்லை என்று கணக்குச் சொன்னார்.

நான் அப்போது கோவையில் இருந்தேன். நண்பர்கள் சேர்ந்து உக்கடத்தில் பாலக்காட்டு பஸ் ஏறினோம். பஸ்ஸில் பாதிப் பேர் அதே வேலையாகத்தான் வருகிறார்கள் என்பது வாளையார் வருவதற்குள் தெரிந்துவிட்டது. ஒருவருக்கொருவர் டிக்கெட் நிலவரம் விசாரித்துக்கொண்டார்கள். பாலக்காட்டில் தியேட்டர் வாசலில் நின்ற பைக்குகளில் பெரும்பாலானவை டிஎன் 37, டிஎன் 38, டிஎன் 66. கேட் அருகில் கேரளப் போலீஸ்காரர் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் பாதுகாப்பு. உள்ளே முழுக்கத் தமிழ்ச் சத்தம், விசில், இடைவேளையில் டீக்கு அடிதடி. அதே படம், ஏறக்குறைய அதே ஜனம். ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் எந்த அமைதியும் குலையவில்லை.

பிப்ரவரி 2-ஆம் தேதி சென்னையில் அரசு அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. ஏழு இடங்களில் மாற்றம் என்று ஒப்பந்தமாகி, 7-ஆம் தேதி படம் வந்தது. கோவையில் மறுபடியும் பார்த்தேன். ஓதும் ஒலி வந்த இடங்களில் இப்போது மௌனம். முதல் தடவை பார்க்காதவருக்கு அங்கே ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது.

முஸ்லிம்களின் வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ் சினிமாவில் தீவிரவாதி என்று வந்தால் அவனுக்கு ஒரே மதம், ஒரே உடை என்று ஆகி எவ்வளவோ காலமாயிற்று. அதற்காகக் கோபப்படவும், எழுதவும், தியேட்டருக்குப் போகாதீர்கள் என்று சொல்லவும் அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்த மேசையில் பேசியது அந்தப் பிரச்சினையை அல்ல. எந்த நிமிடத்தில் எந்த ஒலியை அடைப்பது என்று பேசினார்கள். ஏழு மியூட்டில் அந்தச் சித்திரம் மாறியதா? பத்துப் படம் தள்ளி அதே வில்லன், அதே உடையில் வந்தான்.

போலீஸ் போதாது என்ற வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே பதில் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்துக்காக. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்த படம் அது. அதற்கு வாரியம் கொடுத்த யு சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது, கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கவும் முடியாது, பாதுகாப்பு கொடுப்பது அதன் கடமை என்றது. ஆபத்து எங்கோ தூரத்தில் இருந்தால் போதாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் வருகிறது.

இடஒதுக்கீட்டை நான் முழுசாக ஆதரிக்கிறேன். அந்தப் படத்தின் வாதம் எனக்கு ஒப்பாதது. ஆனால் 2017-ல் ‘மெர்சல்’ படத்தின் ஜிஎஸ்டி வசனத்துக்காகப் பாஜகவினர் குதித்தபோது, தடை கேட்டு வந்த வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்படித் தள்ளுபடி செய்வதற்கான சட்டத் தரையைப் போட்டுக் கொடுத்தது எனக்குப் பிடிக்காத அந்தப் படத்தின் வழக்குதான். நமக்குப் பிடித்த படத்துக்கு மட்டும் என்று ஒரு தீர்ப்பைத் தனியாக வாங்க முடியாது.

அதனால்தான் ‘தி கேரளா ஸ்டோரி’ வந்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. 2023 மே மாதம். கேரளத்தில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டு ஐஎஸ் அமைப்பில் சேர்ந்தார்கள் என்று ஆதாரமில்லாத கணக்கைச் சொல்லி விளம்பரம் செய்த படம். ஒரு சமூகத்தின் மேல் சந்தேகத்தைக் கிளப்புவதே அதன் வேலை என்று நினைக்கிறேன். மேற்கு வங்க அரசு தடை போட்டது. தமிழ்நாட்டில் தடை என்று ஒன்றும் இல்லை, மல்டிபிளெக்ஸ்கள் தாங்களாகவே தூக்கிவிட்டன. உச்ச நீதிமன்றம் வங்கத் தடையை நிறுத்தி வைத்தது, தமிழக அரசைப் பாதுகாப்பு கொடுக்கச் சொன்னது, அந்த 32,000-க்கு ஆதாரம் இல்லை என்று படத்தில் அட்டை போடவும் வைத்தது. என் நண்பர்கள் சிலருக்கு அந்த உத்தரவு பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது, வேண்டாவெறுப்பாக. குறிப்பாக அந்த அட்டை. பொய்யை மறைக்காமல், அது பொய்க் கணக்கு என்று அதன் நெற்றியிலேயே எழுதி ஒட்டியதை நான் எந்த வெட்டுக்கும் மேலாக நினைக்கிறேன்.

தடையே இல்லாமல் தடை செய்வதில் நம் ஊர் கைதேர்ந்தது. 2013 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ‘தலைவா’ உலகம் முழுக்க வந்தது, தமிழ்நாட்டில் வரவில்லை. அரசு உத்தரவு? இல்லை. நீதிமன்றத் தடை? இல்லை. குண்டு மிரட்டல் என்றார்கள், தியேட்டர்காரர்கள் தயங்குகிறார்கள் என்றார்கள். பதினோரு நாள் கழித்து, தலைப்புக்குக் கீழே இருந்த ‘டைம் டு லீட்’ என்ற வரி இல்லாமல் வந்தது. அதே மாதம் ‘மெட்ராஸ் கஃபே’ இங்கே வெளியாகவே இல்லை. இந்த மாதிரி விஷயத்தில் யார் மேல் வழக்குப் போடுவது? உத்தரவு என்று ஒன்று இருந்தால்தானே அதை எதிர்க்க முடியும்.

ஓடிடி வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. ‘ஜெய் பீம்’ படத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் வன்னியர்களின் அக்னி கலசச் சின்னம் இருப்பதாக எதிர்ப்பு வந்தது. படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் காலண்டரில் வேறு படம். ‘கர்ணன்’ படத்தில் கதை நடக்கும் வருடம் 1997 என்று வந்தது. படத்துக்கு அடிப்படையான, கொடியன்குளத்தில் தலித் மக்கள் மேல் போலீஸ் நடத்திய தாக்குதல் நடந்தது 1995-ல், அப்போது இருந்தது வேறு கட்சியின் ஆட்சி என்று ஆட்சேபம் எழுந்ததும் அது ‘1990களின் பிற்பகுதி’ ஆனது. இந்த ஆட்சேபத்தில் எனக்கு ஓரளவு நியாயமே தெரிகிறது. ஆனாலும் திருத்திய பதிப்புக்கும் 1995-க்கும் ஒட்டவில்லை என்பது தனி வேடிக்கை. ‘அன்னபூரணி’ கதை இதைவிட மோசம். 2023 டிசம்பரில் சான்றிதழோடு தியேட்டரில் ஓடி முடிந்த படம். ஓடிடியில் வந்ததும் மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று போலீஸ் புகார்கள், 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் அதை மொத்தமாக எடுத்தது. தயாரிப்பில் பங்கிருந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எந்த நீதிபதியும் அந்தப் படத்தைப் பார்த்து இது தவறு என்று சொல்லவில்லை.

பிலிம் காலத்தில் வெட்டினால் ஒரு தடயம் இருக்கும். ஒட்டுப் போட்ட இடத்தில் படம் ஒரு குதி குதிக்கும், பாட்டு இடறும், பார்ப்பவருக்கு இங்கே என்னவோ போயிருக்கிறது என்று தெரியும். எங்காவது ஒரு பெட்டியில் வெட்டாத பிரதி ஒன்று தப்பிக் கிடக்கவும் வாய்ப்பு உண்டு. இப்போது சர்வரில் ஒரு கோப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் முடிந்தது. எல்லா ஊரிலும், எல்லா வீட்டிலும், ஒரே ராத்திரியில்.

சான்றிதழ் வாங்கிய பிறகு படத்தில் கை வைத்தால் வாரியத்திடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. செய்கிறார்கள்தான். அந்தப் பதிவில் தயாரிப்பாளர் தாமாக விரும்பி நீக்கியதாக இருக்கும். தியேட்டர் வாசலில் நின்ற கூட்டமோ, தொலைபேசியில் பேசிய பிரமுகரோ, பேச்சுவார்த்தை மேசையில் இருந்தவர்களோ அதில் இடம்பெற மாட்டார்கள். என் ஆசை சின்னது. வெளியான பிறகு வெட்டிய படங்களுக்கு, முதலில் காட்டும் சான்றிதழோடு இன்னொரு அட்டையும் காட்ட வேண்டும். வெளியான தேதி, வெட்டிய தேதி, வெட்டிய இடங்கள், வெட்டச் சொன்னது யார். புகை பிடிப்பது கேடு என்று ஓரத்தில் போட இடம் இருக்கிறதே, இதற்கும் இருக்கும். முதல் மூன்றை நிரப்பத் தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். நாலாவதை எழுத அடுத்த படத்தை இதே ஊரில் ரிலீஸ் செய்ய வேண்டிய யாரும் துணிய மாட்டார்கள்.